17,500 ரூபாயும் மன உறுதியும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரே அச்சில் வார்த்த செய்தி ஒன்று தவறாமல் வரும். கட்டடத் தொழிலாளியின் மகள் சாதனை. வீட்டு வேலை செய்யும் தாயின் மகன் மாவட்டத்தில் முதலிடம். ஓட்டு வீட்டு வாசலில் அம்மா இனிப்பு ஊட்டும் படம், கூடவே ‘வறுமையை வென்ற மன உறுதி’ என்று தலைப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பாராட்டு முழுக்க முழுக்கத் தகும். சங்கடமெல்லாம் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாம் வந்துசேரும் முடிவில்தான் இருக்கிறது. இந்தப் பெண்ணால் முடிந்தது என்றால் எல்லோராலும் முடியும். முடியாதவர்களிடம் உறுதி போதவில்லை என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பதினோராம் வகுப்பின் பாதியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையனை யாரும் படம் எடுப்பதில்லை. கரை சேர்ந்தவர்களை மட்டும் விசாரித்து நீச்சலுக்கு இலக்கணம் எழுதுகிறோம். கஷ்டப்படும் மாணவர்களுக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு அங்கிருந்து கிடைக்கும் பதில்கள் எல்லாமே தன்னம்பிக்கைக் கூட்டம், ஊக்கப் பேச்சு, சாதனையாளர் சந்திப்பு என்ற வகையில் போய் முடிகின்றன. மன உறுதியைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதில்லை. சரியான வேளையில், கெஞ்ச வைக்காமல் கிடைக்கும் உதவியிலிருந்துதான் அது பெரும்பாலும் பிறக்கிறது. இதற்கு நம் கையிலேயே போதுமான சான்றுகள் இருக்கின்றன.

2024 ஜூன் 24 அன்று நடந்ததை முதலில் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டியலின மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் படிக்க இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தந்தை தினக்கூலி. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாயை அன்று மாலை 5 மணிக்குள் இணையத்தில் கட்டியாக வேண்டும். அங்கே இங்கே கேட்டு, ஊராரும் கைகொடுத்து, பணம் ஒருவழியாகத் திரண்டபோது மணி 4.45. ஆவணங்களைப் பதிவேற்றிப் பணம் கட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஐஐடி நுழைவுத் தேர்வை இரண்டு முறைதான் எழுதலாம். அவருக்கு அது இரண்டாவது முறை. தேசியப் பட்டியலினத்தோர் ஆணையம், ஜார்க்கண்டில் சட்ட உதவி, அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் என்று அலைந்து, கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. இந்தக் கதையை மன உறுதியின் வெற்றி என்று எழுதலாம், எழுதவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பையனிடம் உறுதிக்கு என்ன குறை இருந்தது? இந்தியாவின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்றில் தேறியவர் அவர். அவரிடம் இல்லாதது 17,500 ரூபாய், அதுவும் ஒரு குறிப்பிட்ட மாலைப்பொழுதில். அந்தத் தொகை நாலு நாள் முன்பே கிடைக்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், உச்ச நீதிமன்றத்துக்கு இதில் வேலையே இருந்திருக்காது. நீதிமன்றப் படியேறாமல், ‘நமக்குக் கொடுத்து வைக்கவில்லை’ என்று வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

பணத்தட்டுப்பாடு பிள்ளையின் கால்களை மட்டும் கட்டிப்போடுவதில்லை, மூளையிலும் இடம் பிடித்துக்கொள்கிறது. இதற்கான பேர்போன ஆய்வு ஒன்று விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 464 விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும், வடிவப் புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. கரும்புக்காரருக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி ஆலைப் பணம் வரும்போதுதான். அதற்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கடையில் இருக்கும், கடன் வாசலில் நிற்கும். அந்த மாதங்களில் அதே மனிதர் புதிர்களில் குறைவாகத் தேறினார். பணம் வந்த பிறகு கூடுதலாகத் தேறினார். ஆளும் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை, பிறவி அறிவும் மாறவில்லை. மாறியது கையிருப்பு. வளர்ந்த விவசாயிக்கே இப்படி என்றால், நாளைக்குக் கட்டவேண்டிய தேர்வுக் கட்டணமும் அப்பாவின் கந்துவட்டியும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் ‘கவனத்தைச் சிதறவிடாதே’ என்று சொல்வதற்கு என்ன பொருள்? இனிப்பை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தையே பிற்காலத்தில் முன்னுக்கு வரும் என்ற அமெரிக்கச் சோதனையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அதையே 2018-இல் இன்னும் பெரிய எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் சரிபார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகத் தேய்ந்துபோனது. இதை மட்டும் எந்த மேடையிலும் கேட்க முடிவதில்லை.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி உடனே எழும், எழவும் வேண்டும். எல்லாவற்றையும் அரசே கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா? இலவசமாக வந்ததற்கு என்ன மதிப்பு இருக்கும்? இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. அங்கே படித்தவர்கள் பரம ஏழைகள். பசியால் வருகை குறைந்துகொண்டிருந்தது. தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடுவதை ஆங்கிலேய அரசு ஏற்காததால் 1925-இல் அது நின்றுபோனது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்மக்களின் நன்கொடையும் அதற்குத் தோள்கொடுத்தது. 1982 ஜூலை 1 அன்று பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, கஜானா தாங்காது என்று சொன்னவர்களில் விவரம் தெரிந்தவர்களும் நிறைய உண்டு. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. வீண்செலவு என்று தள்ளப்பட்டது நாட்டின் சட்டக் கடமையாக மாற 80 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இதற்கு நடுவே சோற்றைத் தின்றுவிட்டுச் சோம்பிக் கிடந்த தலைமுறை எதுவும் தமிழ்நாட்டில் உருவாகவில்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி செல்லும் வயதினரில் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. இதற்குச் சோறு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. சோறு தடையாக இருக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

இலவசம் என்ற சொல்லை நாம் எடுத்துப் பயன்படுத்தும் விதத்திலேயே ஓரவஞ்சனை இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் காலை டிபன், டியூஷன், வண்டி, லேப்டாப் எல்லாம் அப்பாவின் பணத்தில் கிடைக்கும்போது அது வளர்ப்பு. அதே டிபனில் பாதி, ரவை உப்புமாவும் சாம்பாருமாக, அரசுப் பள்ளியில் கிடைத்தால் அது இலவசம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது, 1,545 பள்ளிகளில் 1.14 லட்சம் குழந்தைகளுக்கு 33.56 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சுமார் 2,900 ரூபாய்; பள்ளி நடக்கும் நாள் ஒன்றுக்கு 15 ரூபாய்க்குள் வரும். டீக்கடையில் ஒரு டீயும் வடையும் அதைவிட அதிகம். அந்த 15 ரூபாய் என்ன செய்யும் என்பதற்கு ஆந்திரத்திலிருந்து ஒரு சான்று. அங்கே பிறந்த சில ஆண்டுகளுக்குள் வறட்சியைச் சந்தித்த குழந்தைகளை அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டீபன் டெர்கான் மூவரும் ஆராய்ந்தார்கள். வறட்சியில் தேங்கிய வளர்ச்சியைப் பள்ளி மதிய உணவு பெருமளவு ஈடுகட்டியிருந்தது. தாங்கும் திறன் என்று நாம் மனத்தில் தேடிக்கொண்டிருப்பது அங்கே எலும்பிலும் எடையிலும் அளக்கக் கிடைத்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது. பள்ளி எட்டத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அந்தப் பெண்களின் மன உறுதி 2006-இல் திடீரென்று 32 சதவீதம் கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

தொகையைவிட அது வந்துசேரும் நேரம் முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒதுக்கீட்டில் பல் மருத்துவத்தையும் சேர்த்து நானூறுக்கு மேல் இடங்கள். ஆனால் கலந்தாய்வு நடந்த நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று சொல்லவே கூசுகிறது. சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் சிலர், ஆண்டுக்குச் சில லட்சம் கட்ட வழியில்லாமல், கைக்கு வந்த எம்.பி.பி.எஸ். இடத்தை ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு சில நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் எழுதிக் கொடுத்தவர்கள் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. கொள்கை சரி, நிதி சரி, நோக்கம் சரி. முன்னே வரவேண்டிய அறிவிப்பு பின்னே வந்தது. அந்த அனுபவம் வீண்போகவில்லை. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் விரிவானபோது, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கலந்தாய்வுக் கட்டணமும் அரசுடையது என்று சேர்க்கை ஆணை கொடுக்கும் மேடையிலேயே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அதன் கடைசிக் காலத்தில் பட்டம் முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கிடைத்தன. தொகை பெரிதுதான். ஆனால் அது கல்யாணத்தன்று வந்தது. கல்லூரிக்குப் பஸ் ஏறும் நாளிலும், செமஸ்டர் கட்டணம் கட்டும் நாளிலும் அது வெறும் வாக்குறுதி. 2022 செப்டம்பர் 5 முதல் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்தியது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ், நாப்கின், மதியம் கேன்டீனில் ஒரு தக்காளி சாதம், கூடவே ‘அப்பா, பணம்’ என்று கேட்கும்போது ‘படிச்சது போதும்’ என்ற பதிலைக் கேட்காமல் இருப்பது. இவை ஆகும். பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ வர 2024 ஆகஸ்ட் ஆயிற்று. பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போகச் சொல்லும் நெருக்கடி பையன்கள் மீதுதான் கூடுதல் என்பதால், அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்கு நல்ல விளக்கம் எதுவும் இல்லை.

வசதி உள்ளவர்களுக்கும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும், தேவைப்படுவோரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தால் பணம் மிச்சமாகுமே என்பது அடுத்த ஆட்சேபம். காகிதத்தில் இது அசைக்க முடியாத வாதம். வருவாய்த் துறை அலுவலகத்தில் ஆட்டம் கண்டுவிடும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பட்டியலின மாணவர் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு 500 ரூபாய்க் கூலிக்கு மாதம் 20 நாள் போனால் ஆண்டுக்கு 2.4 லட்சம். அதிலே மாதம் இரண்டு நாள் கூடுதலாக வேலை கிடைத்துவிட்டால் 2.64 லட்சம், வரம்பு தாண்டிவிட்டது. ஆகவே உண்மையைச் சொல்லும் குடும்பம் தகுதி இழக்கிறது. விஏஓ கேட்கும்போது குறைத்துச் சொல்லத் தெரிந்த குடும்பம் சான்றிதழ் வாங்குகிறது. இப்படிப் பொறுக்கி எடுப்பது தேவையை அளக்கிறதா, சாமர்த்தியத்தை அளக்கிறதா? புதுமைப் பெண் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டு படித்தார் என்பதே போதும், அதையும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவே சொல்லிவிடும். அரசுப் பள்ளி என்பதே ஒரு சல்லடைதான். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை மாதம் ஆயிரம் ரூபாய்க்காக அங்கே ஏழு வருடம் உட்காரப்போவதில்லை.

வருமானச் சான்றிதழாவது பரவாயில்லை. பழங்குடிக் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் தலைமுறைப் போராட்டம். பட்டியலினத்தாருக்கு வட்டாட்சியர் தருவதைப் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர்தான் தர முடியும். விசாரணையில் முதலில் கேட்பது அப்பாவின் சான்றிதழை. அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லை, ஏனென்றால் அவருடைய அப்பாவுக்கு இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிக்கொண்டு பொங்கலை ஒட்டிச் செங்கல் சூளைக்குப் போய், மழை தொடங்கும் நேரத்தில்தான் ஊர் திரும்புகின்றன. ஆண்டுத் தேர்வு வருவது இதற்கு நடுவில். சான்றிதழ் விசாரணைக்கு அதிகாரி வருகிற அன்று வீடு பூட்டியிருக்கும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகக் கோப்போடு அலைந்த அலைச்சலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட காகிதங்களுக்காகத்தான். 2021 நவம்பரில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில், நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சரே நேரில் வந்து பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் கொடுத்தார். நல்ல காரியம். ஒரு சான்றிதழ் கைக்கு வர முதலமைச்சர் வரவேண்டியிருந்தது என்பதையும் அந்தப் படத்திலேயே பார்க்கலாம். உதவித்தொகை, விடுதி, இட ஒதுக்கீடு எல்லாம் இந்த ஒரு காகிதத்தின் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஒரு மாணவருக்கு எத்தனை சலுகை அறிவித்திருக்கிறோம் என்ற கணக்கை விட, அதில் ஒன்றைப் பெற அவருடைய அப்பா எத்தனை நாள் கூலியை விட்டார் என்ற கணக்கு நேர்மையானது.

இதற்கெல்லாம் மேலே கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: சோறும் பணமும் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கும், படிக்க வைக்குமா? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 2022 அசர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படித்தவர்கள் மிகச் சிலரே. கொரோனா ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்த பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுத்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் சுமார் 19,000 கிராமப்புறக் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தபோது, பள்ளி மூடலால் ஏற்பட்ட பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அதிலும் கூடுதலாகப் பயன்பெற்றவர்கள் பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள். சாப்பாடா, பாடமா என்று கேட்பது இங்கே பொருளற்றதாகிவிடுகிறது. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தெரிந்த அக்கா ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, வயதுக்கு ஏற்றபடி இல்லாமல் அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாள், பையன் மீண்டான். இதில் ஊக்கப் பேச்சு எங்குமே இல்லை.

பணத்தால் தீராத கஷ்டமும் இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு பள்ளிகளில் சாதி எப்படிக் கயிறாகவும் பொட்டாகவும் சைக்கிள் வண்ணமாகவும் புழங்குகிறது என்று ஆராய்ந்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியே காயப்படுத்தும் இடத்தில் ‘தாங்கிக்கொள்’ என்று மாணவரிடம் சொல்வது கொடுமை. அங்கே சரிசெய்ய வேண்டியது பள்ளியை. விடுதிகளும் அப்படித்தான். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பள்ளி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,000-த்திலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. 2025-இல் அந்த விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை எழுதுகிற செலவில் ஒரு பங்கையாவது குழம்பில் போட்டிருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவையும் ஏன் அரசிடம் கேட்க வேண்டும், அறக்கட்டளைகளும் கொடையாளர்களும் இருக்கிறார்களே என்பவர்களும் உண்டு. 2010 முதல் அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டம் ஆயிரக்கணக்கான முதல் தலைமுறை மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது. பணத்தோடு வழிகாட்ட ஓர் ஆளும் வேண்டும் என்பதை அரசுக்கே அது எடுத்துக்காட்டியது. ஆனால் எந்த அறக்கட்டளையும் விண்ணப்பித்தவர்களில் சிலரைத்தான் எடுக்க முடியும். எடுப்பதற்காகக் கதை கேட்க வேண்டியிருக்கிறது. தன் வீட்டு வறுமையை அந்நியர்கள் முன்னால் உருக்கமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை முந்திக்கொள்ளும். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, பெரும்பாலும் அதைவிட மோசமான வீட்டிலிருந்து வந்தது, பின்தங்கும். இது யார் தவறும் இல்லை. பங்கிட்டுக் கொடுக்கும் எந்த ஏற்பாட்டிலும் இது நடக்கும்.

அரசு இனிமேல் செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்குப் புதிய திட்டம் தேவையில்லை, நாட்காட்டியைத் திருத்தினால் போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே எமிஸ் பதிவைப் பார்த்து, யாருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லையோ அவர்களுடைய பள்ளிக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் முகாம் போகலாம். சூளைக் குடும்பங்கள் ஊரில் இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் போகலாம். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே, கலந்தாய்வுக்கு முன்பே, முன்தொகை கட்டுவதற்கான பணத்தை மாணவர் கணக்கில் போட்டுவிட்டு, பின்னால் வரும் உதவித்தொகையில் கழித்துக்கொள்ளலாம். உதவித்தொகை வந்துசேரும்வரை கல்லூரி மாணவரை ஹால் டிக்கெட்டைக் காட்டி மிரட்டக் கூடாது என்பதை விதியாக எழுதிவைக்காமல், கல்லூரிக்குப் போகவேண்டிய தொகையை ஜூலையிலேயே அரசு நேராகக் கல்லூரிக்குச் செலுத்திவிடலாம். சேராமல் போனவர்களின் பணம் திரும்பாதே என்று நிதித் துறை கேட்கும். கொஞ்சம் திரும்பாதுதான். அந்த நஷ்டம் எவ்வளவு என்று ஒரே ஒரு மாவட்டத்தில் ஓராண்டு செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.